தலைப்பின் வால் வெட்டுப்பட்டால்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இணையப் பக்கத்தில் 'இந்த மாத்திரையை இப்படிச் சாப்பிடாதீர்கள்!' என்றொரு தலைப்பைப் பார்த்தேன். எந்த மாத்திரை என்று தெரியவே ஐந்து பத்திகளைத் தாண்ட வேண்டியிருந்தது. 'பாராசிட்டமால்: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது' என்று போட்டிருந்தால், உள்ளே வராமல் கடந்துபோகிறவருக்கும் அந்த எச்சரிக்கை போய்ச் சேர்ந்திருக்கும். கவலைப்படுகிறவர் எப்படியும் உள்ளே வந்து படிப்பார்.

இப்படி விஷயத்தை ஒளித்து இழுக்கும் தலைப்புகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2014லேயே அறிவித்துவிட்டது. அப்படியும் பழக்கம் விடவில்லை.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை. தமிழில் வினை கடைசியில் வருகிறது. கூகுள் தேடலிலோ, செல்பேசி அறிவிப்பிலோ நீளமான தலைப்பின் வால் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாகிவிடும். 'நாளை முதல் வங்கிகள் தொடர்ந்து ஒரு வாரம் மூடப்படும் என்று பரவும் தகவல் உண்மையல்ல' என்ற தலைப்பில் 'மூடப்படும்' வரைதான் தெரிந்தால் என்ன ஆகும்? மறுப்புச் செய்தியே வதந்தியைப் பரப்பிவிடும். அதனால் 'வதந்தி' என்ற சொல்லை முதலில் வையுங்கள். பெயர், இடம், எண் மூன்றும் முன்பாதியிலேயே வரட்டும்.

சரி, சுவையான தலைப்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக எழுதுங்கள், ரசித்துப் படிப்பேன். செய்தியில் இல்லாத அதிர்ச்சியைத் தலைப்பில் சேர்க்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நாள்தோறும் படிக்கும் வாசகர்