வட்டத்தைப் பார்த்து நிதி கொடுக்காதீர்கள்

உயிர்ப்பொருள் (பயோமெட்டீரியல்) ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் வல்லுநர் குழுவினருக்கு,

வணக்கம். மருத்துவமனை ஆய்வகத்தில் சீழ் மாதிரிகளை வளர்த்து, கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்கள்தான் எங்களுக்குத் தலைவலி. அதனால், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் ஆன்டிபயாட்டிக்கைப் பிணைத்துப் புண்ணுக்குக் கட்டுத்துணி செய்யும் ஆய்வுகளை ஆவலோடு படிக்கிறேன். தாராளமாக நிதி கொடுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்: மருந்து நிஜமாகவே பிணைந்திருக்கிறதா?

கிருமி வளர்க்கும் அகார் தட்டின் நடுவில் துணித்துண்டு, சுற்றிலும் கிருமி வளராத வட்டம். இந்தப் படத்தைப் போட்டு வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். சகப்பிணைப்பில், அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து இறுகும் பிணைப்பில், கட்டுண்ட மருந்து நகராது. அப்புறம் வட்டம் எப்படி வந்தது? கழுவியும் போகாத உதிரி மருந்து கசிந்திருக்க வேண்டும், அல்லது பிணைப்பு அறுந்திருக்க வேண்டும். திட்டமிட்டுக் கசியவிட்டால் சரி. தெரியாமல் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால், கிருமியைக் கொல்லப் போதாத அந்த அளவே அதற்கு எதிர்ப்புத்திறன் பழக்கிவிடும்.

எந்த மருந்து என்பதும் முக்கியம். வான்கோமைசின் செல்சுவர் கட்டப்படும் இடத்திலேயே வேலை செய்வதால், கட்டிப்போட்டாலும் ஓரளவு பலிக்கலாம். ஆனால் சூடோமோனாஸ் என்னும் கிருமியின் வெளிச்சவ்வை அது தாண்டாது. சிப்ரோஃப்ளாக்சசின் கிருமிக்குள் போய், அதன் டிஎன்ஏவைக் கையாளும் கைரேஸ் என்னும் நொதியை முடக்க வேண்டிய மருந்து. அதன் கார்பாக்சில் தொகுதியைக் கைட்டோசானின் அமின் தொகுதியோடு அமைடு என்னும் உறுதியான பிணைப்பாகச் சேர்ப்பது சுலபம். அந்த நொதியைப் பிடிக்க மருந்துக்கு வேண்டியதும் அதே தொகுதிதான்! போதாததற்கு, கிருமியைத் தாக்கும் நேர்மின்சுமையைக் கைட்டோசானுக்குத் தரும் அமின்களும் குறைகின்றன. மருந்து மூலக்கூறின் இன்னொரு பகுதியான பைப்பரசின் வளையத்தின் பக்கமாகவோ, புண்ணில் அறுபடும் இணைப்பாலோ கட்டியிருக்கிறார்களா என்று விண்ணப்பத்தில் தேடிப் பாருங்கள்.

அதே அளவு மருந்தைச் சும்மா கலந்த துணியையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கடைசியாகக் கழுவிய நீரில் மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணியின் மேற்பரப்பில் உயிரோடு மிஞ்சிய கிருமிகளை எண்ண வேண்டும்.

சோதனைகளுக்கான தரக் கிருமியாக வைத்திருக்கும் ஏடிசிசி 25923 ஸ்டஃபைலோகாக்கஸ் ஆய்வகத்தில் சாதுவாக வளரும் கிருமி. அதைக் கொன்றது பெரிய விஷயமில்லை. நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த, பயோஃபிலிம் (கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும் வழவழப்பான படலம்) கட்டும் கிருமிகளிலும் சோதிக்கட்டும். அவை எங்களைப் போன்ற ஆய்வகங்களில் உறைநிலையில் இருக்கின்றன. நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு கேட்டால் கிடைக்கும். அந்தச் செலவுக்குத் திட்ட மதிப்பீட்டிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வக ஊழியர் ஒருவர்