முதல் வகை என்றால் முதல் தரமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அட்லாண்டா பக்கம் வீடு தேடும் நம்மவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த ஏரிக்கரை வீடுகள் கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். நடுவில் ஒரு வரி: "இந்த ஏரியின் அணை அரசின் முதல் வகைப் பட்டியலில் இருப்பதால் பாதுகாப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்." காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தேன். அப்படியேதான் இருந்தது.

ரயிலில் முதல் வகுப்பு, பரீட்சையில் முதல் வகுப்பு என்கிற கணக்கில் எழுதிவிட்டார் போலிருக்கிறது. ஜார்ஜியாவில் ஓர் அணையை முதல் வகை என்று சொன்னால், அது உடைந்தால் கீழே இருப்பவர்கள் உயிர் போகலாம் என்று அர்த்தம். இரண்டாம் வகை என்றால் உயிர்ச்சேதம் இருக்காது என்று எதிர்பார்க்கிறார்கள், அவ்வளவுதான். கரை உறுதியா, உளுத்துப் போனதா என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. அதற்கு ஆய்வறிக்கையைத்தான் பார்க்க வேண்டும். இதில் 25 அடி உயரமும் இல்லாமல் 100 ஏக்கர்-அடித் தண்ணீரும் (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி) தேக்காத குட்டி அணைகள் மாநில அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கிலேயே வராது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. இதே ஊரில் இருந்துதானே பத்திரிகை நடத்துகிறீர்கள்.

இந்த வகைப்பாடு எங்கிருந்து வந்தது என்பதும் தங்களுக்குத் தெரியும். 1977 நவம்பர் 6 பின்னிரவில், இதே ஜார்ஜியாவில் டொக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்தது. மண் கரைதான். ஒரு காலத்தில் மின்சாரத்துக்குப் பயன்பட்டு, பிறகு வெறும் பொழுதுபோக்கு ஏரியாக நின்றது. கீழே கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள். மறுவருடமே அந்தச் சட்டம் வந்தது. அந்த அருவிக்குத் தங்கள் இதழ் முன்பு ஒரு கோடையில் மூன்று பக்கம் ஒதுக்கியது. எங்கே கார் நிறுத்துவது, எந்த நிறப் புடவை படத்தில் எடுபடும் என்பது வரை இருந்தது. அந்த 39 பேருக்கு ஒரு வரி இல்லை. அப்போதும் எழுதினேன். கடிதம் பாதிதான் வந்தது. மீதிப் பாதி எந்த வெள்ளத்தில் போனதோ.

சரி, இது வெறும் ஏட்டுப் படிப்பு என்று நினைக்க வேண்டாம். எங்கள் குடியிருப்பின் ஏரியும் தனியார் ஏரிதான், அதாவது எச்.ஓ.ஏ. என்கிற வீட்டு உரிமையாளர் சங்கத்தில் சந்தா கட்டும் எங்களுடையது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட யாரோ ஒரு விவசாயி எப்போதோ போட்ட கரை. நாங்கள் வீடு வாங்கியபோது இரண்டாம் வகை. பிறகு கரைக்குக் கீழே மாடு மேய்ந்த புல்வெளியில் வரிசையாக வீடுகள் வந்தன. அரசிடமிருந்து கடிதமும் வந்தது: இனி இது முதல் வகை. கரையில் ஒரு கைப்பிடி மண் கூடவுமில்லை, குறையவுமில்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம்ம அணைக்குப் ப்ரமோஷன்!" என்றார். கை தட்டினார்கள்.

அப்புறம் ஒரு பொறியாளர் வந்தார். கரையின் அடிவாரத்தில் வெயில் காலத்திலும் பச்சையாக இருந்த ஒரு திட்டில் உட்கார்ந்து, கசிகிற தண்ணீரை ஜாம் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். தெளிவாக வந்தால் இப்போதைக்குப் பரவாயில்லை, கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளிருந்தே போகிறதென்றார். நல்லவேளை, தெளிவாக இருந்தது. அடுத்து உபரி நீர் இறங்கும் குழாய்க்குப் போனார். அதன் வாயில் யாரோ கோழி வலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிவிட்ட மீன்கள் தப்பிவிடக் கூடாதாம். வலை முழுக்க பைன் இலை, ஒரு டென்னிஸ் பந்து, ஒற்றைச் செருப்பு.

பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையிலும் இதே மீன் வலைதான். அது பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் கிளப்புக்குச் சொந்தம். தொழிலதிபர்கள் கார்னெகியும் ஃப்ரிக்கும் அதன் உறுப்பினர்கள். மீன் போகாமலிருக்க உபரி நீர் வழியில் தடுப்பு வைத்தார்கள், வண்டி போகக் கரையின் தலையைத் தாழ்த்தினார்கள். 1889 மே 31 அன்று பெய்த மழையில் தடுப்பில் குப்பை அடைத்துக்கொண்டது, தண்ணீர் கரைமேல் ஏறியது, அணை உடைந்தது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தார்கள். எந்த நீதிமன்றமும் கிளப்பைப் பொறுப்பாக்கவில்லை. இதைக் கூட்டத்தில் சொன்னபோது, நான் எதிர்மறையாகப் பேசுகிறேன் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். வலையை மட்டும் பிரித்தார்கள். வேர்விட்டுக் கரையைப் பலவீனமாக்கும் பைன் மரங்களை வெட்டப் பலருக்கு மனசில்லை, பழுது பார்க்கப் பணம் தர யாருக்கும் மனசில்லை. 1994இல் ஆல்பர்ட்டோ புயல் மழையில் இதே ஜார்ஜியாவில் 200க்கும் மேற்பட்ட அணைகள் உடைந்தன என்றால், அது தெற்கே என்கிறார்கள்.

இந்த நிலையில் தங்கள் கட்டுரையை அச்செடுத்து எங்கள் குழுவில் ஒருவர் சுற்றுக்கு விட்டிருக்கிறார். "பாருங்கள், தமிழ்ப் பத்திரிகையே சொல்கிறது, முதல் வகை நல்லதாம்." இரண்டு வருடம் தொண்டை கட்டக் கட்ட நான் பேசியது போச்சு. கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே வீடு விற்பவரின் முழுப்பக்க விளம்பரம் இருந்தது. தற்செயல்தான், சந்தேகப்படவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம்: முதல் வகை என்பது தரம் அல்ல, ஏரிக்கரையிலோ ஏரிக்குக் கீழேயோ வீடு வாங்குகிறவர்கள் அணையின் கடைசி ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும். முடிந்தால் பெட்டி கட்டிப் போடுங்கள். இந்தக் கடிதத்தில் மற்றதையெல்லாம் வழக்கம்போல வெட்டிக்கொள்ளலாம்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஃபோர்சைத் கவுண்டி, ஜார்ஜியா