மெரினாவில் குதிரை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு

வணக்கம்.

நீங்கள் குதிரையைப் பட்டினி போடுவதாகக் குற்றம் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் சவாரியும் போய், செல்ஃபியும் எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் திட்டுகிறவர்கள். கொள்ளு கிலோ என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியாது. நான் தீவனக் கணக்குப் பார்க்கிறவன். பேச வந்ததே அந்தக் கொள்ளு பற்றித்தான்.

குதிரைக்கு விலா எலும்பு தெரிகிறதா, கொள்ளு கூட்டிப் போடு. மணலில் நாலு நடை போனதும் சோர்ந்து நிற்கிறதா, இன்னும் ஒரு படி போடு. இதுதானே நம்ம வழக்கம்? இங்கேதான் காசு வீணாகிறது.

உங்களிடம் இருப்பவற்றில் பல சின்ன ஜாதி. 300 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007இல் வெளியிட்ட அளவுகளின்படி, சும்மா கட்டி வைத்தால் அதற்கு நாளுக்குச் சுமார் 10 மெகா கலோரி (ஒரு மெகா கலோரி என்பது ஆயிரம் கிலோ கலோரி) எரிசக்தியும் 380 கிராம் புரதமும் போதும். லேசான சவாரி என்றால் 12 மெகா கலோரியும் 420 கிராமும். மணலில் ஆளைச் சுமந்து நன்றாக வேலை செய்தால் 14 மெகா கலோரியும் 460 கிராமும். வேலை கூடும்போது எரிசக்தித் தேவைதான் வேகமாக ஏறுகிறது, புரதம் மெதுவாகத்தான் ஏறுகிறது.

கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கு புரதம். காய்ந்த எடையில் 2 கிலோ வேகவைத்துப் போட்டால் புரதம் 440 கிராம். லேசான சவாரிக் குதிரைக்கு அதிலேயே புரதக் கணக்கு முடிந்துவிட்டது, இன்னும் ஒரு வாய் புல் கூடப் போடவில்லை. எரிசக்தியோ ஏறக்குறையப் பாதிதான் வந்திருக்கும். மிச்சத்துக்கும் கொள்ளே போட்டால், உடம்பு அந்தப் புரதத்தை உடைத்து எரித்துவிட்டு, கழிவை யூரியாவாக மூத்திரத்தில் தள்ளும். குதிரை தண்ணீர் அதிகம் குடிக்கும், கொட்டடி சீக்கிரம் நனையும். காலையில் படுதாவை விலக்கியதும் கண்ணைக் கரிக்கிறதே ஒரு நெடி, அது அம்மோனியா. காற்றோட்டம் இல்லாததும் அதற்குக் காரணம்தான், ஆனால் அதிகப்படி கொள்ளுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த நெடி குதிரையின் நுரையீரலுக்கு ஆகாது. போதாததற்கு, புரதத்தை எரிக்கும்போது உடம்புச் சூடும் கூடும். மே மாத மெரினாவில் அது தேவையா?

அப்புறம் தெம்பு எங்கிருந்து வரும்? முதலில் புல்லிலிருந்து. குதிரையின் இரைப்பை சிறியது, பெருங்குடல்தான் பெரிய அடுப்பு. புல்லின் நார்ச்சத்தை அங்கே நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து எரிசக்தியாக்கித் தருகின்றன. 300 கிலோ குதிரைக்கு ஈரம் நீக்கிய கணக்கில் நாளுக்கு 6 கிலோ புல் வேண்டும், எப்படிப் பார்த்தாலும் நாலரைக்குக் கீழே போகக்கூடாது. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 10 கிலோ கட்டு ஒன்றில் உண்மையான தீவனம் இரண்டு, இரண்டரை கிலோதான். கட்டு பெரிதாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். நல்ல காய்ந்த அருகம்புல் 6 கிலோ கிடைத்தால் லேசான வேலைக்குப் புரதம், எரிசக்தி இரண்டுமே கிட்டத்தட்ட அதிலேயே அடங்கிவிடும். வைக்கோல் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். வைக்கோலை நம்பி ஓட்டுகிற நாட்களில் ஒரு பிடி கொள்ளுக்கும் கொஞ்சம் குதிரைமசால் என்ற பசுந்தீவனத்துக்கும் நியாயம் உண்டு.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம்ம பாட்டிகள் சொன்னது குதிரைக்கும் அப்படியே பொருந்தும். 100 மில்லி எண்ணெயில் சுமார் 800 கிலோ கலோரி, புரதம் துளியும் இல்லை. கால் கிலோ தானியத்தின் வேலையை அது செய்துவிடும். இரண்டு கரண்டியில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள். ஓட்ஸ், உடைத்த மக்காச்சோளம் போடலாம். ஆனால் தானியம் எதுவானாலும் ஒரு வேளைக்கு ஒன்றரை கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குள் இறங்கி, வயிற்று வலியும் குளம்பு வீக்கமும் வரும்.

பால் கொடுக்கிற பெண் குதிரை, வளர்கிற குட்டி இரண்டின் கதை வேறு. அவற்றுக்குப் புரதம் குறைந்தால் உடம்பு தேறாது. அங்கே கொள்ளின் அளவைக் குறைக்காதீர்கள்.

தவிடு மலிவு என்று வாளி வாளியாகக் கொட்டுவதையும் நிறுத்துங்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மாதக்கணக்கில் தின்றால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு முகத்தெலும்பு புடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, மணலில் புல்லைப் போட்டுத் தின்ன விடாதீர்கள். புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கும். கோணிப்பையோ வலையோ கட்டி அதில் போட்டால் போதும்.

இவ்வளவும் செய்து இரண்டு மாதத்தில் விலா மூடவில்லை என்றால் கோளாறு தீவனத்தில் இல்லை. பல் கூர்மையாகி மெல்ல முடியாமல் இருக்கலாம், குடற்புழு இருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். போகும்போது தினமும் என்ன போடுகிறீர்கள் என்பதைப் படிக்கணக்கில் இல்லாமல், தராசில் நிறுத்து ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.