பட்டும் வடையும் வேண்டாம், தாயி

அன்புள்ள தாயிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நல்ல சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

நீ போனில் கேட்டதற்கு எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் இது. உங்கள் ஆபீஸில் ஒவ்வொரு ஊர்க்காரரும் அவரவர் உடை உடுத்தி, அவரவர் சாப்பாடு கொண்டுவர வேண்டும் என்றாய். காஞ்சிபுரம் பட்டு, நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி எல்லாம் அனுப்பு, மெதுவடைக்கும் பாயசத்துக்கும் பக்குவம் சொல் என்றாய். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய். கூட வேலை பார்க்கும் ஒருவர் "தமிழ்நாட்டில் கறி சாப்பிடுவார்களா?" என்று ஆச்சரியப்பட்டார், நீ சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாய். எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோய் அதுதான் மனசில் நிற்கிறது.

பட்டு அழகுதான். உன் கல்யாணத்துக்கு நல்லதாக எடுப்போம். ஆனால் எங்கள் வீடு இப்படி என்று நாலு பேருக்குக் காட்டுகிற நாளில், நம் வீட்டில் அன்றாடம் உடுத்தாததையும் பொங்காததையும் ஏன் காட்ட வேண்டும்? கறி தின்கிற வீட்டுப் பிள்ளை என்று சொல்ல நீ தயங்கியிருந்தால், அந்தத் தயக்கத்தை மட்டும் விட்டுவிடு.

நம் வீட்டுச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நான் மேலூர்ப் பக்கம் பிறந்தவள். 1895இல் பெரியாற்றில் அணை கட்டி, மேற்கே ஓடிக் கடலில் விழுந்த தண்ணீரை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் கால்வாயில் வந்ததால் எங்கள் பக்கம் நெல். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சோறுதான். உன் அப்பா ஊரோ உசிலம்பட்டிக்கு மேற்கே. அங்கே மழையை நம்பிய மானாவாரி வெள்ளாமை. கம்பு, சோளம், குதிரைவாலி, கேப்பை. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் என்று அப்பத்தா சொல்வார். மதுரையை நடுவில் வைத்துக் கிழக்கே ஒரு சாப்பாடு, மேற்கே ஒரு சாப்பாடு. தண்ணீர் வந்த ஊர், வராத ஊர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

கல்யாணமாகி வந்தபோது எனக்குக் களி கிண்டத் தெரியாது. அப்பத்தாதான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். உலை நன்றாகக் கொதிக்க வேண்டும். மாவைக் கொட்டிவிட்டு உடனே கிளறக் கூடாது, கொஞ்சம் வேகவிட்டுத் துடுப்பால் கட்டியில்லாமல் கிண்ட வேண்டும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. உருட்டித் தட்டில் வைத்து, நடுவில் குழி பண்ணி, அதில் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, மெல்லாமல் விழுங்க வேண்டும். சின்ன வயசில் நீ அதை விரும்பிச் சாப்பிட்டாய். பள்ளிக்கூடம் போன பிறகுதான் கருவாடு வேண்டாம், துணியில் வாசம் ஏறுகிறது என்றாய். யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள் என்று அப்போதே நினைத்தேன்.

அப்பத்தாவுக்கும் அப்படித்தான் நடந்தது, ஆனால் வயதான பிறகு. அவர்கள் காலத்துப் பெண்களுக்குச் சின்னப் பிள்ளையிலேயே காது குத்தி, பஞ்சைத் திரித்து வைத்துத் துளையைப் பெரிதாக்கி, அப்புறம் ஈயக் குணுக்கு மாட்டித் தொங்க விடுவார்கள். காது வளர வளரத்தான் தண்டட்டி போட முடியும். தோளைத் தொடுகிற காது, கனமான தங்கத் தண்டட்டி, கையில் பச்சை குத்திய கோலம், ரவிக்கை இல்லாமல் பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலை. களை எடுக்கவும் குனிந்து நாற்று நடவும் அந்தக் கட்டுத்தான் தோது. ஊரில் இருந்தவரை அப்பத்தா தலை நிமிர்ந்துதான் நடந்தார். நம்மோடு டவுனுக்கு வந்த பிறகு ஒருநாள், "பஸ்ஸுல ஏறுனா எல்லாரும் காதையே பாக்குறாங்கத்தா" என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொங்கின காதை அறுத்துத் தைத்துக்கொண்டு, சின்னதாக ஒரு தோடு போட்டுக்கொண்டார். அவர் இஷ்டம் அது, நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் கையைக் கொண்டுபோய்க் காதைத் தடவிக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்க முடியாது.

நீ காலேஜ் சேர்ந்தபோது உன் கழுத்தில் போட்ட செயின் அந்தத் தண்டட்டியை உருக்கிச் செய்ததுதான். நீ பாரமாக நினைக்கக் கூடாது என்று அப்பத்தாதான் சொல்ல வேண்டாம் என்றார். இப்போது அவர் இல்லை, உனக்குத் தெரிய வேண்டும். கவரிங் ஜிமிக்கி எதற்கு, தாயி? அந்தச் செயின் ஒன்று போதும்.

சித்திரைத் திருவிழாவை நினைத்துப் பார். அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது எந்தக் கோலத்தில் வருகிறார்? கள்ளர் கோலத்தில், இந்தப் பக்கத்துக் கள்ளர் ஜனம் உடுத்தின மாதிரி. கண்டாங்கிச் சேலை கட்டி, காதில் கடுக்கன், கையில் நேரிக்கம்பு. தல்லாகுளம் வந்த பிறகுதான் ஆண்டாள் மாலை சாத்தித் தங்கக் குதிரை ஏறி ஆற்றில் இறங்குவது. இந்த மண்ணில் நடமாடின மனுஷர் எப்படி உடுத்தினார்களோ அப்படிப் பெருமாளே உடுத்திக்கொண்டு வருகிறார், லட்சம் ஜனம் ராத்திரி முழுக்கக் காத்திருந்து கும்பிடுகிறது.

ஒருமுறை அப்பாவோடு கீழடி அருங்காட்சியகம் போனேன். 2023இல் திறந்தது. யானைத் தந்தத்தில் செய்த சீப்பு, சங்கு வளையல், கண்ணாடி மணி எல்லாம் அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். மாடு, ஆடு, எருமை எலும்புகளும் கிடைத்தன, சில எலும்புகளில் வெட்டின தழும்பும் இருக்கிறதாம். தலை சீவி வளையல் போட்டவர்களும் கறி தின்றவர்களும் ஒரே ஆட்கள்தானே. அந்த ஊர் இருந்தது 2,500 வருஷத்துக்கு முன்னால் என்கிறார்கள். உன்னைக் கேட்டவருக்கு இதைச் சொல்லலாம்.

அதற்காக இட்லி சாம்பார் நம்முடையது இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கறி தொடாத தமிழர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுச் சமையலும் தமிழ்ச் சமையல்தான். மதுரையில் எது ஒரே வழியில் வந்தது? நம் குழம்புக்கு உறைப்புத் தருகிற மிளகாயே போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. சுங்குடி சேலை, வடக்கேயிருந்து வந்து திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக் குடியேறின சௌராஷ்டிரக்காரர்களின் கைவேலை. இன்றைக்கு அது இல்லாமல் மதுரை கிடையாது. அவர்கள் தெருவில் விடியற்காலையில் கிடைக்கிற முள்ளு முருங்கை அடையை நீயே எத்தனை நாள் வாங்கி வரச் சொல்லியிருக்கிறாய்.

சரி, பார்சலில் ஒரு சுங்குடி வைத்திருக்கிறேன், அரக்கு நிறம். கடையில் இப்போது பெரும்பாலும் அச்சுப் போட்டதுதான் கிடைக்கிறது. இது கையால் முடிச்சுப் போட்டது, விளக்குத்தூண் பக்கம் தேடி வாங்கினேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு, அதனால் புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. யாராவது கேட்டால் அதையும் சொல்.

கூடவே உப்புக்கண்டம். ஆட்டுக்கறியை உப்பு, மஞ்சள், மிளகாய் போட்டுப் பிசறி, நூலில் கோத்து மாடியில் நன்றாகக் காயவைத்தது, கெடாது. கொஞ்ச நேரம் சுடுதண்ணீரில் ஊறவை. லேசாகத் தட்டி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு முறுக வறுத்துவிடு. கறி சாப்பிடாதவர்கள் உங்கள் ஆபீஸில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு அழகர்கோயில் தோசை மாதிரி செய்து தனிப் பாத்திரத்தில் வை. பச்சரிசியும் உளுந்தும் கரகரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்டு, கருவேப்பிலை கிள்ளிப்போட்டு, கனமாக ஊற்றி நெய்யில் நிதானமாக வேகவிடு. கரண்டியையும் தனியாக வை, எது எது என்று எழுதியும் வை.

கறி சாப்பிடுவீர்களா என்று கேட்டவர் வந்தால், ஆமாம் என்று சொல்லி ஒரு துண்டு எடுத்துக் கொடு.

சேலையை உடுத்தும் முன்னால் கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக அலசி நிழலில் காயப்போடு, முதல் தண்ணீரில் சாயம் போகும். போட்டோ எடுத்தால் அப்பா போனுக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா