பியானோ பயிற்சிக்கு மணிக்கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பியானோ கற்கும் பிள்ளைகளின் மூளையில் என்னென்ன மாற்றம் நேர்கிறது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் பாளையங்கோட்டையில் வீட்டில் வைத்துப் பியானோவும் கீபோர்டும் சொல்லிக்கொடுப்பவள். ஞாயிறு ஆராதனையில் ஆர்கன் வாசிப்பவள். என் மாணவர்களின் பெற்றோர் ஆளாளுக்கு அந்தக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். தமிழில் இதைப் பற்றியெல்லாம் எழுதுகிறார்களே என்று முதலில் சந்தோஷம்தான். ஆனால் எத்தனை மணி நேரம் வாசிக்கிறார்களோ அத்தனைக்கு அத்தனை நல்லது என்கிற தொனியில் அது முடிந்திருந்தது. மறுநாளே ஒரு அம்மா, "டீச்சர், பியானோ பரீட்சை முடியுறவரைக்கும் இவளைத் தினமும் நாலு மணி நேரம் உட்கார வைக்கப்போறேன், பேப்பர்லயே போட்டிருக்கு" என்றார். அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டுரை சொன்ன ஆராய்ச்சியில் பொய்யில்லை. ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கச்சேரி பியானோ கலைஞர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறு வயதில் அதிக நேரம் பயிற்சி செய்தவர்களுக்கு, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் இழைகளும், மூளையிலிருந்து கைக்குக் கட்டளை இறங்கி வரும் பாதையும் அதிக ஒழுங்காக அமைந்திருந்தன. சரி. ஆனால் அந்த ஆய்வில் ஸ்கேன் செய்யப்பட்ட கலைஞர்கள் எட்டே பேர். எல்லோரும் மேடைக்கு வந்து சேர்ந்தவர்கள். அதே அளவு உழைத்து, கை கெட்டுப்போய், நடுவழியில் நின்றவர்களை அந்த எட்டுப் பேருக்குள் தேடிப் பயனில்லை. நான் பேச நினைப்பது அவர்களைப் பற்றி.

புதிதாக வரும் பிள்ளையின் கையைக் கட்டைகளின் மேல் வைத்து, நாலாம் விரலை மட்டும் அழுத்தச் சொல்லிப் பாருங்கள். (பியானோவில் கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து.) சுண்டுவிரல் மேலே எழும்பும், மூன்றாம் விரல் கூடவே இறங்கும். ஒரு விரலுக்கு 'போ' என்று கட்டளையிடும்போதே பக்கத்து விரல்களுக்கு 'நீ சும்மா இரு' என்றும் மூளை சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருஷம் பியானோ படிப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது கட்டளையைப் பழக்குவதுதான். பிள்ளை களைத்துவிட்டால் அடங்கியிருந்த சுண்டுவிரல் மறுபடி எழும்பத் தொடங்கும். கடிகாரம் என்ன காட்டினாலும் நான் வகுப்பை அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் வாசிக்க வைத்தால், களைத்த கையின் அசைவைத்தான் அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்யும்.

மூளைக்குச் சரி, தப்பு என்று தரம் பிரிக்கத் தெரியாது. எது திரும்பத் திரும்ப நடக்கிறதோ அது பதிகிறது. எஃப் மேஜர் ஸ்கேலை (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிக்கும் பயிற்சி) எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு படிக்கும் சி, ஜி, டி மேஜர் மூன்றிலும் வலது கையில் மூன்றாம் விரலுக்குப் பிறகு கட்டைவிரல் உள்ளே நுழையும். எஃப் மேஜரில் மட்டும் நாலாம் விரல் பி ஃபிளாட் என்ற கருப்புக் கட்டையில் விழுந்த பிறகுதான் நுழைய வேண்டும். அவசரப்பட்டு மூன்றாம் விரலோடு கட்டைவிரலை நுழைத்துப் பழகிய பிள்ளைக்கு, பிறகு எத்தனை முறை திருத்திக் கொடுத்தாலும், வீட்டில் சரியாக வரும். தேர்வாளர் முன்னால் உட்கார்ந்ததும் பழையது வந்துவிடும். பழகிய விரல்வரிசை ஒவ்வொரு விரலுக்கும் தனிக் கட்டளையாக ஓடுவதில்லை, ஒரே தொடராக ஓடுகிறது. பதற்றத்தில் முதலில் பதிந்த தொடர் முந்திக்கொள்கிறது. இதைப் பார்த்துவிட்டு, "பிராக்டிஸ் பத்தலை" என்று பெற்றோர் பிள்ளையைத் திட்டுவதைக் கேட்கும்போது எனக்கு மனசு கேட்காது. அவள் அந்தத் தப்பை நூறு தடவைக்கு மேல் வாசித்துப் பழகியிருக்கிறாள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் ஒரே இசையை நிமிடத்துக்கு 208 துடிப்பிலும், அப்புறம் 325 துடிப்பிலும் வாசித்துக் காட்டி, அந்தப் போட்டியை வென்றபோது எங்களுக்கெல்லாம் எவ்வளவு பெருமை! இன்றும் அந்த வீடியோவைப் பார்ப்பேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கீபோர்டு வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் முதல் மாதமே மெட்ரோனோமை, அதாவது தாளத்துடிப்பைத் தட்டிக் காட்டும் கருவியின் வேகத்தை, ஏற்றச் சொன்னார்கள். 60இல் சுத்தமாக வராத ஒரு வரி 120இல் சுத்தமாக வராது. இதை ஏற்கச் சொல்வது பிள்ளைகளிடம் சுலபம், பெற்றோரிடம்தான் கஷ்டம்.

கூட்டவேண்டியது மணிக்கணக்கு இல்லையென்றால் வேறு என்ன என்று கேட்பீர்கள். இரண்டு ஆய்வுகளை நான் ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்லுகிறேன்.

ஒன்று, அமெரிக்காவில் அல்வாரோ பாஸ்குவல்-லியோனே குழுவினர் 1995இல் வெளியிட்டது. பியானோ தெரியாத ஆட்களை ஐந்து விரல் பயிற்சி ஒன்றைத் தினமும் இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து நாள் செய்ய வைத்தார்கள். இன்னொரு குழு அதே நேரம் பியானோ முன்னால் உட்கார்ந்து, விரலை அசைக்காமல், வாசிப்பதாக மனசுக்குள் நினைத்தது. விரல்களை இயக்கும் மூளைப் பகுதி இரண்டு குழுவுக்கும் விரிந்திருந்தது. வாசிப்பில் நினைத்துப் பார்த்தவர்கள் பின்தங்கித்தான் இருந்தார்கள். ஆனால் கையால் ஒரே ஒரு இரண்டு மணி நேரப் பயிற்சி கொடுத்ததும், ஐந்து நாள் வாசித்தவர்களை எட்டிப்பிடித்துவிட்டார்கள். என் வகுப்பில் கிளெமெண்டி எழுதிய சொனாட்டினா என்ற சிறு பியானோ இசையில் ஒரே இடத்தில் தடுக்கும் பையனைக் கையை மடியில் வைக்கச் சொல்லி, கண்ணை மூடி, அந்த நாலு பாரை (தாளக் கட்டத்தை) விரல் எண்ணோடு மனசுக்குள் வாசிக்கச் சொல்வேன். எந்த விரலில் நினைப்பு நின்றுபோகிறதோ, கை தடுக்குவதும் பெரும்பாலும் அங்கேதான். அந்த ஒரு விரலைச் சரிசெய்ய அஞ்சு நிமிஷம் போதும். அது தெரியாமல் மொத்தப் பாட்டையும் ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

இன்னொன்று தூக்கம். ஹார்வர்டில் மாத்யூ வாக்கரும் ராபர்ட் ஸ்டிக்கோல்டும் மற்றவர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு. இடது கை விரல்களால் 4-1-3-2-4 என்ற வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்ட வைத்தார்கள். பகல் முழுக்க விழித்திருந்துவிட்டு வந்தவர்களிடம் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தவர்களின் வேகம், இடையில் எந்தப் பயிற்சியும் இல்லாமலே, சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி பதினொன்று வரை பிள்ளையை உட்கார வைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அன்று படித்ததை மூளை கெட்டிப்படுத்தும் நேரத்தை அல்லவா அவர்கள் பிடுங்குகிறார்கள்!

இப்போது, மேலே சொன்ன கை கெட்டுப்போனவர்களுக்கு வருகிறேன். லியான் ஃபிளெய்ஷர் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞரின் பெயர் நம் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாமல் இருக்கலாம். 1928இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர், பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபலிடம் படித்தவர். 1944இல் பதினாறு வயதில் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு வாசித்தார். 1952இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு. 1964இல், முப்பத்தாறு வயதில், வலது கையின் நாலாம் விரலும் ஐந்தாம் விரலும் தானாக உள்ளங்கைக்குள் சுருளத் தொடங்கின. அவர் செய்தது, நாம் பிள்ளைகளிடம் சொல்லுகிற அதே வைத்தியம்: இன்னும் கடுமையாகப் பயிற்சி. விரல்கள் இன்னும் இறுகின. முப்பது வருஷத்துக்கு மேல் இடது கைக்கு மட்டும் எழுதப்பட்ட இசையை வாசித்தார், இசைக்குழுவை நடத்தினார், பால்டிமோரில் பாடம் நடத்தினார். அந்த இடது கை இசையில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கான்செர்ட்டோ (இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் இசை) முக்கியமானது. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பவுல் விட்கென்ஷ்டைன் கேட்டு எழுதப்பட்டது அது. ஃபிளெய்ஷருக்கோ கை இருந்தது, பலம் இருந்தது, கட்டளைதான் குழம்பிப்போயிருந்தது.

இந்த நோய்க்கு ஃபோக்கல் டிஸ்டோனியா என்று பெயர். பெரும்பாலும் வலி இருக்காது. சாப்பிடலாம், எழுதலாம், சட்டைப் பொத்தான் போடலாம். கட்டையில் கை வைத்தால் மட்டும் விரல் சுருளும். மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் உள்ள இடங்கள் ஒன்றோடொன்று கலந்துபோவதையும், 'சும்மா இரு' என்ற அந்தத் தடுப்புக் கட்டளை பலவீனப்படுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இது வருகிறது என்பது இத்துறை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஜெர்மனியில் ஹானோவர் நகரத்து இசைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பல வருஷம் உழைத்த எக்கார்ட் ஆல்டன்முல்லர், 1830களின் தொடக்கத்தில் வலது கை விரல் கெட்டுப் பியானோ மேடைக் கனவைக் கைவிட்ட இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனுக்கும் இதுவே இருந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அளவுக்கு மீறிய பயிற்சியும், ஒரு சுரம்கூடத் தப்பக்கூடாது என்ற பதற்றமும் இதைத் தூண்டுபவை என்று அங்கே கண்டிருக்கிறார்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நாளைக்கே இது வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டித்தான் வருகிறது. ஆனால் பயந்து பயந்து மணிக்கணக்கில் வாசிக்கும் பழக்கம் அந்த வயதில் திடீரென்று முளைப்பதில்லை.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார். சீசனில் ராத்திரி ராத்திரியாகக் கச்சேரி. அவருக்கும் சுண்டுவிரல் சுருளத் தொடங்கியது. முதலில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். அப்புறம் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஒரு மருத்துவமனையில் மாதக்கணக்கில் மாத்திரை. கடைசியில் என் வீட்டு முன்னறையில், என் பியானோவிலேயே வாசித்துக் காட்டினார். அதே கை மேஜையில் தாளம் போடும்போது விரல் நேராக நிற்கிறது. கட்டையில் வைத்த நொடியில் மடங்குகிறது. நரம்பியல் மருத்துவரிடம் போகச் சொன்னேன். நோய்க்குப் பெயர் தெரிந்ததே அவருக்குப் பாதி நிம்மதி. இறுகும் தசைக்கு, அதைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடுகிறார்கள். சில மாதங்களில் அதன் பலன் தேய்ந்துவிடும், மறுபடி போட வேண்டும். கூடவே, மிக மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் திரும்பப் பழக்குகிறார். ஃபிளெய்ஷருக்கும் 1990களில் இந்த ஊசிதான் உதவியது. 2004இல் இரண்டு கையாலும் வாசித்த இசைத்தட்டு வெளியிட்டார். 2020இல், 92 வயதில் காலமானார்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரைக் கொண்டு இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதச் செய்யுங்கள். பியானோக்காரர்களுக்கு மட்டும் வருவதில்லை இது. வயலின், புல்லாங்குழல், தாளவாத்தியம் வாசிப்பவர்களுக்கும் வருகிறது. வலியில்லாமல் ஒரு விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது அதில் கொட்டை எழுத்தில் வரட்டும். தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் பக்கம். அசைவுக் கோளாறுகளுக்கென்று அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. பெங்களூரில் மனநலம், நரம்பியலுக்கான நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. இந்த இரண்டு பெயரையும் சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பியானோ ஆசிரியை,
பாளையங்கோட்டை.