எடைக்குப் போடறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க. சேலம் அம்மாபேட்டையில இருந்து எழுதறேன். வீட்ல கிடக்கற பழைய கம்ப்யூட்டரை காயலான் கடைக்குப் போடப் போறவங்க ஒரே ஒரு நாள் பொறுத்துப் போடுங்கன்னு கேட்டுக்கத்தான் இந்த லெட்டர்.

ஆடிப் பண்டிகைக்கு வெள்ளையடிக்கலாம்னு பரண்ல இருந்ததெல்லாம் இறக்கினப்ப எங்க வீட்டுக் கம்ப்யூட்டரும் வந்துச்சு. 2000ல அப்பா வாங்கினது. பென்டியம் த்ரீ, 64 எம்.பி ராம், 10 ஜி.பி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 98, ஒரு ஆள் தூக்க முடியாத மானிட்டர். அக்கா டைப்ரைட்டிங் முடிச்சிருந்தா, வீட்டுலயே டிடிபி வேலை பாக்கட்டும்னு கடன் வாங்கி வாங்கிக் கொடுத்தாரு, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ்னு தறிச் சத்தத்துக்கு நடுவுல அவ பாட்டுக்கு அடிச்சுக்கிட்டு இருப்பா.

அப்பா பட்டுத் தறிக்காரர்ங்க. ஜக்கார்டு பெட்டி வெச்ச தறி, மேல ஓட்டை போட்ட அட்டை மாலை மாதிரி தொங்கும், ஓட்டை இருக்கற எடத்துல இழை தூக்கும், இல்லாத எடத்துல தூக்காது, அப்படித்தான் முந்தானையில மயிலும் மாங்காயும் வரும். கம்ப்யூட்டருக்கு சைபர், ஒண்ணு இந்த ரெண்டு எண்தான் தெரியும்னு அக்கா சொன்னப்ப அப்பா உடனே "அப்ப இதுவும் நம்ம அட்டைதானே"ன்னாரு. நாங்க சிரிச்சோம். ஆனா அவர் சொன்னது நிஜம்ங்க, 1804ல பிரான்சுல ஜக்கார்டு செஞ்ச அந்தத் தறி அட்டையைப் பாத்துதான் சார்லஸ் பேபேஜ் தன்னோட கணக்கு மெஷினுக்கு அட்டை வைக்கணும்னு நினைச்சாரு, 1890ல அமெரிக்கா மக்கள்தொகைக் கணக்கை எண்ணினதும் ஓட்டை போட்ட அட்டையிலதான். இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கறப்ப அப்பா இல்லை.

சரி விஷயத்துக்கு வர்றேன். ஒரு கடையில கொண்டு போய்க் காட்டினேன், தூக்கிப் போடுங்கம்மா, இதுல ஒண்ணும் இருக்காதுன்னாங்க. மனசு கேக்கல. காலேஜ் படிக்கற அக்கா பையன்தான் உக்காந்து செஞ்சான். எடுத்ததும் பிளக்கைச் சொருகாதீங்கன்னு அவன் சொன்னதை எல்லாருக்கும் சொல்றேன், முதல்ல மூடியைக் கழட்டி தூசியைத் தட்டணும், போர்டுல இருக்கற கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தா கரண்டே கொடுக்கக் கூடாது. எங்களுது நல்லா இருந்துச்சு. உள்ள கடிகாரத்தை ஓட்டற, வாட்ச் கடையில கிடைக்கற சி.ஆர். 2032 பேட்டரி செத்துப் போயிருந்ததால தேதி 1980 ஜனவரி 1ன்னு காட்டுச்சு. ஆனா ஃபைலுக்குள்ள அந்தந்தத் தேதி அப்படியே இருக்குங்க, கடிகாரம்தான் மறந்து போகுது, டிஸ்க் மறக்கல.

'பெரியப்பா'ன்னு ஒரு ஃபோல்டர். எங்க பெரியப்பா அப்ப பெங்களூர்ல தறிக்குப் போயிருந்தாரு, அப்பா சொல்லச் சொல்ல அக்கா அடிச்சு பிரிண்ட் எடுத்து தபால்ல போடுவா. புது லேப்டாப்புல காப்பி பண்ணித் தொறந்தா ஒரு எழுத்து தமிழ் இல்லை. அது பாமினி ஃபாண்டு காலம்ங்க. அதுல 'அம்மா'ன்னு அடிச்சது ஃபாண்டு இல்லாத கம்ப்யூட்டர்ல எம், கே, செமிகோலன், கே, எச்னுதான் தெரியும், இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ் உருவத்தைப் போத்தி வெச்சிருந்தாங்க அவ்வளவுதான், போர்வையை எடுத்தா தமிழ் போயிடும். 1999ல சென்னையில தமிழ்நெட் மாநாடு கூட்டி தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டர்ல பதியறதுக்கு டாம், டாப்னு பொதுத் தரம் கொண்டு வந்தாங்க, 2010ல அரசாங்கம் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுன்னு சொல்லிடுச்சு, ஆனா டிடிபி கடைகள்ல ஆளுக்கொரு ஃபாண்டுதான் ரொம்ப நாள் ஓடுச்சு. பையன் பழைய டிஸ்குலயே ஃபாண்ட்ஸ்னு இருந்த ஃபோல்டரைத் தேடி அந்த ஃபாண்டை எடுத்து லேப்டாப்புல போட்டான். போட்டதும் அத்தனையும் தமிழாயிடுச்சு, "அன்புள்ள அண்ணனுக்கு, இங்க எல்லாரும் சுகம், பாவு கிடைக்காம ஒரு வாரமா தறி நிக்குது"ன்னு அப்பா பேசறாருங்க. அவர் எப்படிப் பேசுவாரோ அப்படியே அக்கா அடிச்சு வெச்சிருக்கா.

அதுல ஒண்ணு 2002 ஜூன் மாசத்துது. "பாப்பாவுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், பதினைஞ்சாயிரம் குறையுது, முடிஞ்சா அனுப்பு"ன்னு இருந்துச்சு. பாப்பா நான்தான். நாமக்கல்ல இருக்கற அக்காவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் சொன்னா, அந்த லெட்டர் போகவே இல்லைடி, அடிச்சு முடிச்சதும் அப்பா வேண்டாம்னுட்டாரு, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாருன்னு. அந்த வருஷம்தான் எங்க வீட்ல மூணு தறி ரெண்டாச்சு. இடம் பத்தலைன்னு வித்துட்டேன்னு சொல்லியிருந்தாரு, நானும் இத்தனை வருஷம் அதையே நம்பிட்டு இருந்தேன். பேப்பர்ல ஏறாத லெட்டர்ங்க அது, அந்த டிஸ்க்கைத் தவிர உலகத்துல வேற எங்கயும் இல்லை.

எல்லாருக்கும் இப்படி அமையாது. ஏற்காட்டுல சித்தப்பா வீட்ல இருந்து ஃபைல் பதிஞ்சு வெக்கற பழைய காலத்து தட்டு, பன்னெண்டு ஃப்ளாப்பி கொண்டு வந்தோம், அங்க மழைக்காலத்துல மூடுபனி ரூமுக்குள்ளயே வருமில்ல, உள்ள இருக்கற வட்டத்துல வெள்ளையா பூஞ்சை பிடிச்சு ஒண்ணு கூட ஓடல. பூஞ்சை பிடிச்சதை டிரைவுல போட்டுடாதீங்க, படிக்கற ஹெட்டும் சேந்து கெட்டுப் போயிடும். தாமதம் பண்ணப் பண்ண இப்படித்தான் ஒவ்வொண்ணா போயிட்டு இருக்கு. அக்கா பண்ணின பத்திரிகை எல்லாம் பேஜ்மேக்கர்ங்கற பக்கம் வடிவமைக்கற சாஃப்ட்வேர்ல இருக்கு, அதுக்கு 2001க்கு அப்புறம் புது வெர்ஷனே வரல, அந்தப் பழைய மெஷின்லயேதான் தொறக்க முடியுது.

அதனால ஒரு கோரிக்கை. சேலம் மாவட்ட மைய நூலகத்துல ஒரு மேஜை ஒதுக்கி, ஃப்ளாப்பி டிரைவோட ஒரு பழைய கம்ப்யூட்டர், பழைய ஐ.டி.இ ஹார்டு டிஸ்க்கை யு.எஸ்.பில மாட்டற ஒயர், கிடைக்கற பழைய தமிழ் ஃபாண்டு அத்தனையும் சேத்து வெக்கணும், விவரம் தெரிஞ்ச காலேஜ் பசங்க வாரத்துக்கு ஒரு நாள் வந்து உதவி பண்ணினா போதும். காப்பி எடுத்த பிறகு மெஷினை முறையா மின்கழிவு எடுக்கறவங்க கிட்ட கொடுக்கலாம், மானிட்டர் கண்ணாடியில ஈயம் இருக்கு, ஒயரைக் கொளுத்தி செம்பு எடுக்கற புகை சின்னப் பிள்ளைங்க இருக்கற தெருவுக்கு ஆகாதுங்க.

நூலகத்துல சம்மதிச்சா எங்க வீட்டு மெஷினையே கொண்டு வந்து வெக்கறேன். ஃப்ளாப்பி டிரைவ் நல்லா ஓடுது, பேட்டரி புதுசு போட்டாச்சு, பாமினி உள்ளயே இருக்கு.

இப்படிக்கு,
அம்மாபேட்டை வாசகி,
சேலம்.