‘நன்றி’ வந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்கள், விடுதி நடத்துவோர், செவ்வாய்ப்பேட்டை கொலுசு வியாபாரிகள் எனப் பலரும் தங்கள் இணையதளத்தில் ‘செய்திமடல் பெற மின்னஞ்சலைப் பதியுங்கள்’ என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். கடை பூட்டியிருந்தால் வந்தவர் போனாவது போட்டுக் கேட்பார். இந்தப் பெட்டி வேலை செய்யாவிட்டால் பேசாமல் போய்விடுவார். மாம்பழ சீசனும் கோடை விழாவும் தொடங்குமுன் இதைச் சோதித்துவிட வேண்டும்.

சோதிக்கும் முறையிலேயே பலர் ஏமாறுகிறார்கள். உரிமையாளர் தளத்துக்குள் லாகின் செய்தபடியே பட்டனை அழுத்துகிறார், ‘நன்றி’ என்று வருகிறது, திருப்தியாகிவிடுகிறார். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் தளங்களில் லாகின் செய்தவருக்கு வழக்கமாக அப்போது தயாரான பக்கம் வரும். வெளியாருக்கு, தளம் வேகமாகத் திறப்பதற்காகப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் ‘கேச் பிளகின்’ என்ற துணை மென்பொருள் சேமித்து வைத்த பழைய பக்கம் போகும். படிவத்துக்குள் ‘நான்ஸ்’ என்ற பாதுகாப்புக் குறியீடு மறைந்திருக்கிறது. அதன் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். கேச் பக்கம் மூன்று நாள் பழையதென்றால், காலாவதியான குறியீட்டோடு போகும் படிவத்தை, தளம் இயங்கும் கணினியான சர்வர் 403 (அனுமதி இல்லை) என்று திருப்பிவிடும். படிவம் ஒரே பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை கேச்சிலிருந்து விலக்குங்கள். எல்லாப் பக்கங்களின் அடியிலும் இருந்தால் கேச் ஆயுளை 10 மணி நேரத்துக்குள் வையுங்கள்.

ஆகவே, உங்களை லாகின் செய்யாத வெளியாராகவே காட்டும் இன்காக்னிட்டோ ஜன்னலில் கணினியில் தளத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, சர்வருக்குப் போவதையும் வருவதையும் வரிவரியாகக் காட்டும் ‘நெட்வொர்க்’ பகுதியைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்யுங்கள். பட்டனை அழுத்தியும் புதிய வரி எதுவும் வரவில்லையென்றால் படிவம் பக்கத்தை விட்டே கிளம்பவில்லை. பெரும்பாலும் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்குள் மோதல், பக்கத்திலேயே உள்ள ‘கன்சோல்’ பகுதியில் சிவப்பு வரியாகத் தெரியும். 404 என்றால் படிவம் போய்ச் சேரவேண்டிய முகவரி தவறு. 500 என்றால் சர்வருக்குள்ளேயே கோளாறு, அதன் பிழைப் பதிவேடான எரர் லாகைத் திறக்க வேண்டும். ‘சரி’ என்று பொருள்படும் 200 வந்தாலும் அந்த வரியைச் சொடுக்கி ‘ரெஸ்பான்ஸ்’ பகுதியைப் படியுங்கள். பிழைச் செய்தியையே 200 என்ற முத்திரையோடு அனுப்பும் படிவங்கள் உண்டு. சர்வர் பதில் சொல்லுமுன்பே ‘நன்றி’ காட்டுபவையும் உண்டு. ஏற்கெனவே பட்டியலில் உள்ள முகவரியால் சோதிக்காதீர்கள். ஜிமெயில் என்றால் @ குறிக்கு முன் +1, +2 என்று சேர்த்தால் ஒவ்வொன்றும் புது முகவரியாகப் பதிவாகும், அஞ்சல் உங்களுக்கே வரும்.

பெயர் பட்டியலில் ஏறியும் உறுதிப்படுத்தும் அஞ்சல் வரவில்லையா? ஸ்பேம் பெட்டியில் தேடி, கிடைத்தால் ஜிமெயிலின் ‘ஷோ ஒரிஜினல்’ வசதியில், அஞ்சல் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் (இணையதளப் பெயரிலிருந்துதான்) வந்தது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகள் இரண்டும் ‘பாஸ்’ ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அடிக்கடி காணும் தவறு, டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் டிஎன்எஸ்ஸில் இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள். அலுவலக அஞ்சலுக்கு ஒன்று ஏற்கெனவே இருக்க, செய்திமடல் சேவைக்காக இன்னொன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. புதியதன் ‘இன்க்ளூட்’ பகுதியைப் பழைய வரிக்குள் சேர்த்துவிட்டு இரண்டாவதை நீக்குங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அஞ்சல் அனுப்பும் யாருக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இவற்றில் ஒன்றாவது கட்டாயம்; நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால் இரண்டும், இந்தச் சோதனைகளில் தோற்ற அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டீமார்க் பதிவும் வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. பெயர்க் கட்டத்தில் ஆங்கில எழுத்துகளை மட்டும் அனுமதித்துவிட்டு, ‘மு. செல்வி’ என்று தமிழில் எழுதுபவரிடம் ‘சரியான பெயரைத் தருக’ என்கிறார்கள். சொந்தப் பெயரைத் தவறென்று சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? ‘எந்த மொழி எழுத்தும் வரலாம்’ என்று விதியைத் தளர்த்தினாலும் தீராது. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு கணக்கில் ‘ச’ ஓர் எழுத்து. ‘செ’யின் ஒற்றைக் கொம்பும், ‘ல்’லின் புள்ளியும் எழுத்தல்ல, ‘மார்க்’ எனும் தனி வகை. விதியில் அந்த வகையையும், முதலெழுத்துக்குப் பின் வரும் முற்றுப்புள்ளியையும், இடைவெளியையும் சேர்க்க வேண்டும். பெயர்களைச் சேமிக்கும் தரவுத்தளம், தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்து அமைப்பில் இருக்கட்டும். பழைய லத்தீன் அமைப்பாக இருந்தால் செல்வி வெறும் கேள்விக்குறிகளாகத்தான் பதிவாவார்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.